இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

என் மகள் ஆசைப்பட்ட படிப்பை முருகன் தடுக்கவில்லை. நான் தடுத்தேன். தடுத்துவிட்டுப் பழியை முருகன் தலையில் போட்டேன்.

ஏழு ஆண்டுகளாக இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்... ஏன் உங்களிடம்? நீங்கள் யாரோ, நான் யாரோ. அந்தத் தைரியம்தான்! வேறென்ன!

நான் அதிகம் படித்தவனல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். மைசூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். என் தகப்பனார் ரயில்வே உத்தியோகத்துக்காக இங்கே வந்து தங்கியவர். நான் பிறந்ததே இந்த ஊரில்தான். அக்ரஹாரத்தில் ஒரு சந்தில் வீடு. குளித்துத் திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன் நின்று பாடாமல் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. கிருத்திகை விரதம் ஒன்றும் விட்டதில்லை. ஒர்க்‌ஷாப்பில் எனக்கு 'சாமி ஃபிட்டர்' என்றே பெயர். பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவன் செய்த காரியம் இது என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அதற்காக.

கோமதி எங்களுக்கு ஒரே பெண். பி.யூ.சி. நல்லபடியாகத் தேறினாள். டீச்சர் டிரெய்னிங் போவாள், அல்லது பி.காம். சேருவாள் என்று நானும் என் மனைவி சிவகாமியும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். ஊரில் புதிதாக ஒரு கல்லூரியில் மூன்று வருடப் படிப்பாம். விருந்தோம்பலும் சுற்றுலாவும்!

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வதற்கு ஒரு படிப்பா? அதற்கு மூன்று வருடமா?

"அது மட்டும் இல்லப்பா," என்றாள். "தசராவுக்கு எத்தன பேர் வர்றாங்க நம்ம ஊருக்கு? வர்றவங்க நல்லா இருந்துட்டுப் போகணும். இங்க இருக்கறவங்களுக்கும் அதுல பொழப்பு இருக்கணும். ஊரும் கெடக்கூடாது. மூணும் சேர்ந்து நடக்கணும்னா யாராவது படிச்சுட்டு வந்து செய்யணும்ல? தானா நடக்குமா?"

பதினெட்டு வயதுப் பெண் பேசும் பேச்சா இது! எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய பங்குனியில் வைரமுடி சேவைக்கு நாங்கள் மூவரும் பஸ் ஏறி மேல்கோட்டை போயிருந்தோம். கோமதி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகத் திரிந்தாள். வெளியூரிலிருந்து வந்த பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் எங்கே தவிக்கிறார்கள், சாப்பிட்ட இலையெல்லாம் எங்கே போய் விழுகிறது, கல்யாணிக் குளத்தில் யார் எதைக் கழுவுகிறார்கள், பூ விற்கிற அம்மாள் திருவிழா முடிந்த மறுவாரம் என்ன செய்வாள்... எல்லாம் எழுதினாள். "சாமி கும்பிட வந்தியா, சென்சஸ் எடுக்க வந்தியாடி?" என்று சிவகாமி தலையில் குட்டினாள்.

நேர்முகத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். வனஜாக்ஷி மேடம் என்று ஒரு ஆசிரியை. கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அவரே வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

"கேள்வி நாங்க கேக்கணும் சார். உங்க மகள் அந்த மேல்கோட்டை நோட்டைக் காட்டி எங்களைக் கேட்டாள்! தசரா முடிஞ்ச மறுநாள் இந்த ஊர்ல யாருக்கு என்ன மிச்சம், அப்படீன்னு. நாங்க மூணு பேரும் அந்தக் கேள்விய எழுதி வச்சுக்கிட்டோம். இந்த மாதிரிப் பொண்ணுதான் வேணும். சேர்த்துடுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்லவில்லை... மறுநாள் மத்தியானம்வரை பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். என்னோடு வேலை செய்த ஏகாம்பரம் டப்பாவைத் திறந்துகொண்டே ஆரம்பித்தான்.

"என்ன சாமி ஃபிட்டர், பாப்பாவ ஓட்டலுக்கு அனுப்பறியாமே? இனிமே நமக்கெல்லாம் மசால் தோசை ஓசிதானே?"

"தோசையோட நின்னா சரிதாம்பா," என்றான் பக்கத்திலிருந்தவன். "லாட்ஜுன்னா அதுல நைட் டூட்டியும் உண்டுல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். கவனியுங்கள்... நானும் சிரித்தேன்! என் மகளைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. எழுந்து சட்டையைப் பிடித்திருக்க வேண்டாமா? ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டு சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் பல்லையெல்லாம் தட்டிவிடலாம் போல எரிச்சல் வருகிறது.

வீட்டுக்கு வந்தேன். சிவகாமிக்கு வேறு கவலை. "என்னங்க, சமையல் கிளாஸ்ல முட்டை உடைக்கணுமாம். கறி, மீன் எல்லாம் தொடணுமாம். நாம சைவம். இவ எப்படித் தொடுவா?"

எனக்கு அது பிடித்துக்கொண்டது. ஆகா, இதுதான் காரணம் என்று மனசுக்குள் கட்டிக்கொண்டேன். ஆனால் கோமதி அதையும் விசாரித்து வைத்திருந்தாள். சைவ மாணவிகளைக் கட்டாயப்படுத்த மாட்டார்களாம். அவள் எடுத்துக்கொள்ளப் போவதும் சுற்றுலாப் பக்கமாம். எனக்கிருந்த ஒரே நல்ல காரணமும் போயிற்று!

கையெழுத்துப் போட மூன்று நாள் இருந்தது. முதல் நாள் பேனா இல்லை என்றேன். இரண்டாம் நாள் தலைவலி என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். தகப்பன் சொல்கிற வார்த்தைதானே அது? சொன்னால் 'ஏன்' என்று கேட்பாள். ஏகாம்பரம் சிரித்தான், அதனால் என்றா சொல்வது? அவள் கண்ணில் நான் சின்னவனாகிவிடுவேனே! அவளுக்கு நான் பெரியவனாகவே இருக்க வேண்டும்; அந்தப் படிப்பு மட்டும் கூடாது. இரண்டுக்கும் ஒரு வழி தேடினேன். கண்டுபிடித்தேன்... பாவி!

எங்கள் வீட்டில் ஒரு பெரிய காரியத்துக்கு முடிவு தெரியாவிட்டால் பூக்கட்டிப் பார்ப்போம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வெற்றிலையில் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வாழைநாரால் கட்டிச் சாமி முன்னால் போட்டு, கும்பிட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். என் கல்யாணத்துக்குப் பார்த்தார்கள். இந்த வீட்டுக்குக் குடிவருவதற்குப் பார்த்தோம். வந்த பதிலை யாரும் மீறியதில்லை.

மூன்றாம் நாள் காலையில் சொன்னேன்: "நான் சொல்றது எதுக்கும்மா? முருகனையே கேட்டுடலாம்."

கோமதியின் முகம் மலர்ந்துவிட்டது. "கேக்கலாம்பா! சாமி வேணாம்னு சொல்லாதுப்பா," என்றாள். அவ்வளவு நம்பிக்கை!

சிவகாமி நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துத் தட்டில் வைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள். கோமதி தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். பூஜையறையில் நான் தனியாக இருந்தேன். தனியாகவா? எதிரில் வேலோடு அவன் நின்றுகொண்டிருந்தானே!

இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன்.

கை நடுங்கவில்லை. இதை நான் சொல்லியே ஆகவேண்டும். இரும்பைப் பிடித்துப் பழகிய கை; முடிச்சு அழகாக விழுந்தது. மிச்சமிருந்த நந்தியாவட்டையை என்ன செய்வது? சாமிப் பூவைக் கசக்கி எறிய மனம் வரவில்லை. இந்தப் பக்திக்கு மட்டும் குறைச்சலில்லை! அதை எடுத்து முருகன் படத்தின் மேலேயே சொருகினேன். சம்மதத்துக்கான பூ சாமியின் தலையிலேயே இருந்தது... அவளும் பார்க்கவில்லை, அவள் அம்மாவும் பார்க்கவில்லை.

வழக்கமாகச் சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வோம். நான், "நீயே எடும்மா," என்றேன். ஈரத்தலையோடு உட்கார்ந்து, கண்ணை மூடி, வெகுநேரம் கும்பிட்டாள். அந்த நேரமெல்லாம் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்! நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

அவள் அழவில்லை. அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு இன்னொரு பொட்டலத்தைப் பார்த்து, "இதையும் பிரிச்சுப் பார்க்கலாமாப்பா?" என்றாள்.

"சாமி கொடுத்ததைச் சந்தேகப்படக் கூடாது," என்று சொல்லி அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த நிமிடம் நானே செய்த விதி!

அந்தப் பொட்டலத்தை ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் துருவலுக்கு நடுவே போட்டேன். மத்தியானம் ஏகாம்பரத்திடம், "பாப்பாவுக்கு அந்தப் படிப்பு வேணாம்னு சாமி உத்தரவு ஆயிடுச்சு," என்றேன். அவன் சிரிக்கவில்லை. பயபக்தியோடு தலையை ஆட்டினான். இதற்காகவா? இந்தத் தலையாட்டலுக்காகவா!

கோமதி பி.காம். படித்தாள். டைப் கற்றுக்கொண்டாள். இப்போது நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. தினம் காலையில் ரயிலில் போகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது. அவள் சண்டை போட்டிருந்தால், ஒருநாளாவது கதவை அறைந்து சாத்தியிருந்தால், எனக்கு மூச்சு வந்திருக்கும். அதற்குப் பதிலாக என்னைவிடப் பக்தியாகிவிட்டாள். 'சாமிக்குத் தெரியாததா' என்பதே அவள் வாயில் வருகிற வார்த்தை. ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது.

கோயில் குருக்களிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பூக்கட்டிப் பார்க்கறதுல ஏமாத்திட்டார் சாமி. என்ன பரிகாரம்?"

குருக்கள் விபூதித் தட்டை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரை ஏமாத்தினாரோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லச் சொல்லுங்கோ. அதுக்கெல்லாம் அர்ச்சனைச் சீட்டு கிடையாது."

நான் அதற்குப் பிறகு அவர் இருக்கிற நேரத்தில் அந்தக் கோயிலுக்குப் போவதில்லை. அவரைக் கண்டுதான் பயம். முருகனைக் கண்டு இல்லை. பாருங்கள், என் பக்தி எப்படி ஆகிவிட்டது!

சென்ற வருடம் நான் மட்டும் மேல்கோட்டைக்குப் போனேன். கல்யாணிக் குளத்துப் படியெங்கும் பிளாஸ்டிக் டம்ளர், குட்காப் பொட்டலம். ஒரு டூரிஸ்ட் பஸ் கூட்டம் புளியோதரை டப்பாக்களைக் குளத்தில் கழுவிக்கொண்டிருந்தது. மஞ்சளாக எண்ணெய் படர்ந்தது. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. கத்தினேன். "இது குளமா, உங்க வீட்டு அங்கணமா?"

பஸ் டிரைவர் பல் குத்திக்கொண்டே, "நீங்க யாரு சார்? இங்க கைடா?" என்றான். கூட்டம் சிரித்தது.

நான் யார்? இவர்களிடம் எரிந்து விழாமல், எங்கே கழுவலாம், எங்கே குப்பை போடலாம், எந்தக் கடையில் சாப்பிட்டால் உள்ளூர்க் குடும்பம் ஒன்று பிழைக்கும் என்று அழகாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டிய ஒருத்தியை நஞ்சன்கூட்டு ரயிலில் ஏற்றி அனுப்பியவன். அந்த எண்ணெயைப் பார்த்தபடி நின்றேன். அவர்கள்மேல் வந்த கோபமா அது? இல்லை, ஐயா. இல்லவே இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூட இதை நான் எழுதியிருக்க மாட்டேன். இந்த வருடம் தசராவுக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, கோமதிக்கு விடுமுறை. வாசலில் யாரோ அழைத்தார்கள். சிவகாமி கதவைத் திறந்து, "பன்னி, ஒளகே பன்னி," என்று கன்னடத்தில் உள்ளே அழைத்தாள். வனஜாக்ஷி மேடம்! தலை நரைத்திருந்தது. பின்னால் நாலைந்து மாணவிகள். தசராவுக்கு வருகிற வெளியூர்க்காரரைத் தங்கவைத்துக்கொள்ளச் சம்மதிக்கிற வீடுகளை அக்ரஹாரத்தில் தேடிக்கொண்டு வந்தார்களாம்.

மேடம் கோமதியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நீனு... மேல்கோட்டை நோட்டுப் பொண்ணுதானே? ஏனம்மா, சீட்டுக் கிடைச்சும் வரவே இல்லையே நீ!"

கோமதி வெட்கத்தோடு சிரித்தாள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மாணவிகள் கையிலிருந்த படிவத்தை வாங்கிப் பார்த்தாள். "வீட்ல எத்தன ரூம்னு கேட்டிருக்கீங்க. கொழாத் தண்ணி எத்தன மணிக்கு வருதுன்னு கேக்கலையே? தசரா சமயத்துல அதுதானே சண்டை," என்றாள். மேடம் கைதட்டிச் சிரித்தார். நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். என் மகள் அப்படிப் பேசி நான் பல வருடமாகக் கேட்டதில்லை.

"கேளு," என்றார் மேடம். "வேலைக்குப் போறவங்களுக்காக ஈவினிங் கோர்ஸ் ஒண்ணு ஆரம்பிக்கிறோம். ஒரு வருஷம். இதே வேலைதான், ஊரும் கெடாம, ஊர்க்காரங்களும் வாழணும். நீ வா. சனிக்கிழமை கடைசி நாள்."

கோமதியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. சத்தியமாகப் பார்த்தேன்! அடுத்த நொடி அணைந்துவிட்டது.

"இல்ல மேடம். அப்பவே சாமிகிட்டக் கேட்டோம். வேணாம்னு வந்துடுச்சு."

"தேவரு பேடா அந்த்ரா? சாமியே வேணாம்னு சொல்லுச்சா?" மேடத்துக்கு விளங்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

சொல்லுங்க சார்! முருகனே அந்த அம்மாள் வாயில் உட்கார்ந்து கேட்ட மாதிரி இருந்தது. கடைசியில் நான் சொன்னது என்ன தெரியுமா? "வேணும்னா மறுபடியும் ஒருதரம் பூக்கட்டிப் பார்க்கலாமே..."

திருட்டுப் பயல்! உண்மையைச் சொல்லாமல் சரிசெய்யப் பார்த்தேன். இந்த முறை இரண்டிலும் வெள்ளையை வைத்திருப்பேன் போலிருக்கிறது!

கோமதி தலையை ஆட்டினாள். "ஒருதரம் கேட்டாச்சுல்லப்பா. புடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு கேக்கறதா?"

மேடம் படிவத்தை மடித்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமைவரை நாள் இருந்தது. வியாழக்கிழமை முழுதும் சொல்லப்போனேன், சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளோடு ரயில் நிலையத்துக்கே போனேன். "என்னப்பா இன்னிக்கு இவ்ளோ உபசாரம்?" என்று கேலி செய்தாள். பிளாட்பாரத்தில் நஞ்சன்கூட்டுக்குப் போகிற ஆலைப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அந்தச் சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன்.

"கோமதி... அன்னிக்கு அந்தப் பூ..."

"இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?" அவள் என் தோளைத் தொட்டாள். "எனக்கு வருத்தமே இல்லப்பா. நெசமா சொல்றேன். அன்னிக்கு நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா, உங்கள நான் ஜென்மத்துக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன். சாமி சொன்னதாலதான் தாங்கிக்கிட்டேன்."

ரயில் வந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

சனிக்கிழமை போயிற்று. அவ்வளவுதான்.

நீங்கள் கேட்பீர்கள்: இனியாவது சொல்லலாமே, அடுத்த வருடமும் அந்தப் படிப்பு இருக்குமே? கேளுங்கள், நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன். சொன்னால் அவளுக்குப் படிப்பு கிடைக்கலாம், தகப்பன் போய்விடுவான், அவள் சாய்ந்து நிற்கிற சாமியும் கூடப் போய்விடும். சொல்லாவிட்டால்... இப்படியே. இதைக்கூட ஒரு நியாயம் மாதிரி எழுதுகிறேன் பாருங்கள்! எல்லாம் பயம். ஏகாம்பரத்தின் சிரிப்புக்குப் பயந்தவன், இப்போது மகளின் முகத்துக்குப் பயப்படுகிறேன். ஆள்தான் மாறியிருக்கிறது.

இன்னும் ஒன்றை மறைத்தால் இந்த வாக்குமூலமும் பொய்யாகும். கோமதி படித்தது எல்லாம் கன்னடத்தில். வீட்டில் தமிழ் பேசுவாள். அவளுக்கும் சரி, சிவகாமிக்கும் சரி, ஒரு வரி தமிழ் வாசிக்க வராது. நான் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்குக் கன்னடம் எழுதவும் வாசிக்கவும் நன்றாக வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததே அதுதான்; தமிழ் எழுத்து என் தகப்பனார் வீட்டில் சொல்லிக்கொடுத்தது. இருந்தும் இதைத் தமிழில் எழுதி, தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பத்திரிகை வீட்டுக்கு வந்தால் அவள்தான் பிரித்து, "அப்பா, உங்க புஸ்தகம் வந்திருக்கு," என்று என் கையில் கொடுப்பாள்.